மகளின் காதில் வைத்த கையிருப்பு

கடம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு மண் சுவரும் ஓலைக் கூரையும்தான். பெட்டியில் எதையும் வைக்க முடியாது. அடுத்த தெருவில் திருடர்கள் சுவரில் கன்னம் வைத்துப் பெட்டியோடு தூக்கிப் போயிருந்தார்கள். அதனால் ஆபத்து அவசரத்துக்கென்று நாங்கள் சேர்த்தது மகளின் காதில் இருந்தது. ஒரு ஜோடி கல் கம்மல். என் கணவருக்கு டைபாய்டு வந்தபோதும், மில்லில் சம்பளம் நின்றபோதும் அது சேட்டுக் கடைக்கு அடகுக்குப் போய் வந்தது. அந்த நாட்களில் துளை தூர்ந்துவிடாதபடி வேப்பங்குச்சி செருகிவிடுவேன். குழந்தையின் உடம்பைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று மில்லில் கணக்கு எழுதும் அவரும் நினைத்தார். பள்ளியில் பாடம் சொல்லும் நானும் நினைத்தேன்.

திருவாலங்காட்டுத் திருவிழாவிலிருந்து திரும்பும்போது அது நடந்தது. ரயில் வந்து நின்றதும் கூட்டம் கதவை நோக்கி நெருக்கியது. என் கையைப் பிடித்திருந்த மகள் அலறினாள். அவள் வலது காது, கம்மல் போட்டிருந்த துளையிலிருந்து இரண்டாகக் கிழிந்து தொங்கியது. ரத்தம் கழுத்தில் வழிந்து பாவாடை வரை இறங்கியது. முந்தானையைச் சுருட்டி அழுத்தினேன். அது நனைந்து கனத்தது.

கம்மலைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவனைக் கொஞ்ச தூரத்திலேயே மடக்கிவிட்டார்கள். வாயில் போட்டுக்கொண்டான், துப்ப வை என்று யாரோ கத்தியதும் செருப்பாலும் குடைக் காம்பாலும் அடி விழுந்தது. முகத்தில் மிதித்தார்கள். உடைந்த பல் ஒன்று பிளாட்பாரத்தில் கிடந்தது. குழந்தையை ஒரு நாளும் கைநீட்டி அடிக்காத என் கணவர், அவன் மார்பின்மேல் மண்டியிட்டு வாய்க்குள் விரல்களை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவன் கடித்தான். அவர் அவன் தலையைப் பிடித்துத் தரையில் மோதினார். மறுபடியும் மோதினார்.

"அவன வுடுங்க. கொயந்தய பாருங்க."

"நம்ம ஊட்ல இருந்ததே அது ஒண்ணுதான்டி" என்றார், திரும்பாமலே.

அவன் விழுங்கிவிட்டான். போலீஸ்காரர்கள் தூக்கிப் போனபோது உயிர் இருந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் காதைத் தைத்தார்கள். ஊசிக்கும் மருந்துக்கும் உடனே பணம் வேண்டும் என்றார்கள். கையிலிருந்தது திருவிழாவிலேயே தீர்ந்திருந்தது. இடது காதுக் கம்மலை நானே கழற்றினேன். அவள் அழவில்லை. வசதியாகத் தலையைச் சாய்த்துக் காட்டி, "மெதுவாமா" என்றாள். கம்மல் அடகுக்குப் போனது. வழக்கம்போல் வேப்பங்குச்சி செருகினேன்.

கடிபட்ட விரல் சீழ் வைத்து ஆறிய பிறகு, அவர் கம்மலை மீட்டுக்கொண்டு வந்தார். இன்னொரு காது நன்றாகத்தானே இருக்கிறது என்றார். மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் அதை வாங்கிப் போய் விற்று, பணத்தை அவள் பெயரில் தபாலாபீசில் கட்டினேன். அன்று சோற்றுத் தட்டு சுவரில் போய் மோதியது.

போன வாரம் மறுபடியும் ரயிலேற வேண்டியிருந்தது. பிளாட்பாரத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"எம்மேல இன்னாமா கீது?"

"ஒண்ணுமில்லடி. வேப்பங்குச்சிதான்."

"அதையும் எடுத்துடு."