வேலிக்கரைச் சிரட்டைகள்

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் தரப்பட்ட ஒரே வேலை காகம் கலைப்பதுதான். தாழ்வுபாடு என்ற எங்கள் கடற்கரை ஊரில், வீட்டைச் சுற்றியிருந்த வளவு முழுக்க அம்மா பாய் விரித்துக் கருவாடு காயவைப்பார். நான் தடியோடு காவல். ஆகவே முன்பள்ளியில் ரீச்சர், "பிள்ளையள், இண்டைக்குக் குருவியளைச் சாப்பிடக் கூப்பிடப் போறம்" என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அதுகள் கூப்பிடாமலே வருமே!

ரீச்சர் தேங்காய்ச் சிரட்டைகளில் துளை போட்டுத் தந்தார். நாங்கள் வலை நூலைக் கோர்த்தோம். முடிச்சுப் போட மட்டும் எங்களில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குறுணல் அரிசி போட்டு வீட்டு மரத்தில் கட்டும்படி அனுப்பிவைத்தார்.

முருங்கையில் கட்டினேன். வாசலில் குந்தியிருந்து பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. ஒரு குருவியும் வரவில்லை. எங்கள் ஊர்ப் பறவைகள் மீன்தான் தின்னும், பாவம் ரீச்சருக்குத் தெரியாது என்று முடிவுகட்டி, அரிசியைக் கொட்டிவிட்டு மீன் தலைகளை வைத்தேன். கண் மூடித் திறக்குமுன் காகங்கள் வந்து குவிந்தன. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. காகங்கள் சிரட்டைக்காக ஒன்றோடொன்று அடிபட்டனவே தவிர, பாயிலிருந்த கருவாட்டை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, சிரட்டையை அவிழ்த்து வேலிக்கரைப் பூவரசில், பெரியம்மாவின் வளவுக்குள் நீண்டிருந்த கொப்பில் கட்டினார்.

"இஞ்ச நல்ல நிழல். அதுகள் ஆறுதலாச் சாப்பிடட்டும்."

பெரியம்மா அம்மாவின் சொந்த அக்கா. அவரும் கருவாடுதான் போடுவார். போன திருநாளில் கோயிலில் ஏதோ வாய்த்தர்க்கப்பட்டு, இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சிரட்டை காலியானதும் காகங்கள் கீழே பெரியம்மாவின் பாயில் இறங்கின. நானோ வளவுக்கு வளவு ஓடித்திரிந்து என் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் பெரியம்மா வேலியருகே என்னைக் கூப்பிட்டார். கையில் தடி, முகமெல்லாம் வேர்வை.

"அந்தச் சிரட்டை ஆர் செய்தது?"

"நான்தான்! உங்களுக்கும் வேணுமே?"

கொப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"ஓம் ராசாத்தி. கொஞ்சம் பெரிசாச் செய்."

நான் செய்துகொடுத்த பெரிய சிரட்டையைப் பெரியம்மா எங்கள் பக்கம் நீண்டிருந்த கொப்பில் கட்டினார். அம்மா ஒரு பிடி போட்டால் அவர் இரண்டு பிடி போட்டார். ஊர்க் காகமெல்லாம் எங்கள் இரண்டு வளவிலும்தான். அக்காவும் தங்கையும் வேலிக்கு இருபுறமும் தடியோடு ஓடி ஓடிக் களைத்துப்போனார்கள். கடைசியில் அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அக்கா, அதை அவிழுங்கோவன்."

"நீ முதல் அவிழடி."

இருவரும் அவிழ்த்தார்கள். பிறகு பெரியம்மா எங்கள் வளவுக்கு வந்து, காகம் கொத்திய மீனை அம்மாவோடு சேர்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று யார் முதலில் தொடங்கியதோ, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பறவைகளின் சோற்றைப் பறித்துவிட்டுச் சிரிக்கிறார்களே என்று நான் மண்ணில் விழுந்து புரண்டு அழுதேன். பெரியவர்களுக்கு ஈவிரக்கமே கிடையாது என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.