நாகஜோதியின் ஆசையும் அழகுராஜாவின் விரதங்களும்

குஜிலியம்பாறைப் பக்கத்தில் அழகுராஜாவைப் போல ஒரு பக்திமானைக் காட்டு என்றால் யாராலும் முடியாது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை. அதைக் கழற்றிய கையோடு தைப்பூசத்துக்குப் பழனி மாலை. மாசியில் நத்தம் மாரியம்மனுக்குக் காப்பு, பங்குனியில் மறுபடியும் பழனி. காய்கறி வேன் ஓட்டும் மனிதர் இத்தனை விரதமும் எப்படித்தான் தாங்குகிறாரோ என்று ஊரே மெச்சியது. அவர் மனைவி நாகஜோதிக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் விரதம் இருந்தது சாமிக்காக இல்லை, அவளுக்குப் பயந்து.

நாகஜோதி நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கல்யாணமான புதிதில் அவளுடைய ஆசை அழகுராஜாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் நாற்பதை நெருங்கியபோது அசதி வந்தது. அவளுக்கோ ஆசை அப்படியே இருந்தது. ஒருநாள் அவர் கேட்டார்: "ஒனக்கு வேற நெனப்பே இல்லையா?"

அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்து உள்ளேயே தங்கிவிட்டது. ஆம்பளைக்கு இதே ஆசை கூடுதலாக இருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு திரிவான். பெண்ணுக்கு இருந்தால் அவளே தன்னைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நாகஜோதியும் சந்தேகப்பட்டாள். போனில் தேடினாள். ஒருவர் பேய் என்றார், ஒருவர் நோய் என்றார். மாலை போட்ட புருஷனை "சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டு, அவர் தனிப் பாயில் படுப்பதையும், பஸ்ஸில் தன் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் உட்காராமல் டிரைவருக்குப் பின்னால் போய் நிற்பதையும் பார்த்துப் பார்த்து, தான் தொடக்கூடாத பிறவி என்றே முடிவு கட்டிவிட்டாள்.

கடந்த ஐப்பசியில் திண்டுக்கல் போய் டாக்டர் லிடியாவைப் பார்த்தாள்.

"இந்த ஆசையைக் கொறைக்க மாத்திரை இருக்கா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். திடீரென்று கூடியதா? வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா? வேண்டாம் என்று நினைத்தாலும் கையை மீறிப் போகிறதா? வேலை கெடுகிறதா?

"இல்ல டாக்டர். மொதல்லருந்தே இப்படித்தான். மில்லுல நின்னா நெனப்பே வராது. அவரு பக்கத்துல இருந்தாத்தான்."

"அப்ப இது நோய் இல்லம்மா. பசி ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும்ல, அது மாதிரிதான். கட்டுக்குள்ள நிக்காம வாழ்க்கையைக் கெடுத்தாத்தான் வைத்தியம் வேணும். ஒங்கள எது கஷ்டப்படுத்துது?"

"அவரு என்னையப் பாத்தாலே ஒதுங்குறாரு."

"அவரையும் கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டாரு. மாலை போட்டுருவாரு."

அப்போதுதான் டாக்டர் சிரித்தார். நாகஜோதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது நன்றாக அழுதாள். நோய் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்க எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கார்த்திகை முதல் நாள் காலையில் குளித்துவிட்டு மாலையும் கையுமாகக் கிளம்பிய அழகுராஜாவை வாசலில் மறித்தாள்.

"நெசமாச் சொல்லுங்க. சாமிக்காகவா போடுறீங்க?"

அவர் தலை குனிந்தார். "முடியல ஜோதி. சுகர் வேற வந்துருச்சு. ஒங்கிட்டச் சொன்னா நீ என்னையக் கேவலமா நெனப்பியோன்னு பயம்."

நாகஜோதிக்கு ஆத்திரமும் பாசமும் ஒன்றாகப் பொங்கின. இவர் தன்னை அருவருக்கிறார் என்று அவள் வெந்துகொண்டிருந்தாள். அவள் தன்னை இளக்காரமாக நினைப்பாள் என்று அவர் ஒளிந்துகொண்டிருந்தார்.

"எனக்கு ஆசை இருக்கு. இனிமேயும் இருக்கும். அதுக்காக நான் கெட்டவ இல்ல. ஒங்களுக்கு முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். சாமியை நடுவுல நிப்பாட்டாதீங்க."

அழகுராஜா மாலையைச் சாமி படத்தில் மாட்டினார். ஏன் இந்த வருஷம் மாலை இல்லை என்று ஊர் கேட்டதற்கு, வீட்டில் வேலை இருக்கிறது என்றார்.

சில நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "இன்னைக்கு அசதியா இருக்கு ஜோதி" என்றார். "சரி" என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அந்த மறுப்பு அவளுக்கு வலிக்கவில்லை.

அடுத்த வாரம் இருவரும் டாக்டரைப் பார்க்கத் திண்டுக்கல் பஸ் ஏறினார்கள். நாகஜோதி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கம் நடந்த அழகுராஜா பாதியில் திரும்பி வந்து, அவள் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்.