விண்ணப்பத்தில் எழுதிய வீடு

அந்த வருடம் முழுவதும் என்னால் ஓர் இடத்தில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன், கை தானாகப் பையிலிருக்கும் போனைத் தேடும். மீன் கழுவுகிற கையோடு வந்து மின்னஞ்சல் பார்த்திருக்கிறேன். தொழுதுவிட்டு ஸலாம் கொடுத்த கையோடு பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஓர் அலுவலகத்தில், என்னைத் தெரியாத ஒருவர் எங்கள் சங்கத்தின் விண்ணப்பத்தை வாசித்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் என்னை இருக்கவிடவில்லை.

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே, கடலோடு ஒட்டியது. கடைசி ஒழுங்கைக்கும் கடலுக்கும் நடுவே முன்பு தென்னைகளும் கரைவலைக்காரர்கள் தங்கும் ஓலை வாடிகளும் இருந்தன. தென்னைகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. வாடிகளைப் பின்னுக்குப் பின்னுக்கு மாற்றிக் கட்டினார்கள். பிறகு கிணறுகள் உவர்த்தன. தேத்தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதும்தான் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் கூடிச் சங்கம் அமைத்தோம். கரையில் மரம் நட வேண்டும், மழைத் தண்ணீர் சேமிக்க வீடுகளுக்குத் தாங்கி வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

தலைவி தையற்கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா. முதல் கூட்டத்திலேயே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டுச் சொன்னார்: "உனக்கு இங்கிலிசு தெரியும்தானே புள்ள. வெளிநாட்டுல இதுக்கெல்லாம் உதவி செய்ற பவுண்டேசன் இரிக்காம். நீ தேடு."

தேடினேன். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, அறக்கட்டளையின் பெயர், கடைசித் திகதி, என்ன கேட்கிறார்கள் என்று கோடு போட்டு எழுதினேன். சிலர் ஆபிரிக்காவுக்கு மட்டும். சிலர் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும். சிலருடைய பக்கத்தில், யாருக்கும் தெரியாத சின்னக் குழுக்களைத்தான் நாங்கள் தேடுகிறோம் என்று அழகாக எழுதியிருக்கும். கீழே போனால், விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா, நாங்களே உங்களைக் கண்டுபிடிப்போம் என்று ஒரு வரி இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எங்கள் கிராம சேவகருக்கே சங்கத்தின் பெயர் சரியாக வாயில் வராது.

அந்த நாடுகளில் கடைசித் திகதி முடிகிற நேரம் எங்களுக்கு மறுநாள் காலையாக இருக்கும். சரியாக அப்போது மின்சாரம் போகும். போனில் சிக்னல் பிடிக்க மதிலோரம் போய் நிற்பேன். என் கணவர் வரிப்பத்தான்சேனைப் பக்கம் நெல் ஏற்றுகிற லொறி ஓட்டுகிறவர். வாகனத்தை எடுக்கும்போது என்னைப் பார்த்து, "கடுதாசியால கடல மறிக்கேலுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் போனை இன்னும் உயர்த்திப் பிடிப்பேன். மறுப்புக் கடிதங்கள் எல்லாமே ஒரே மாதிரி. உங்கள் பணி எங்கள் மனதைத் தொட்டது, ஆனாலும்... அந்த 'ஆனாலும்' எந்த வரியில் வரும் என்பதுகூட எனக்குப் பாடமாகிவிட்டது.

அப்படி ஏழு மறுப்புகளுக்குப் பிறகு ஒரு விண்ணப்பம் கிடைத்தது. நாங்கள் கேட்கிற இரண்டுக்குமே, மரத்துக்கும் தாங்கிக்கும், உதவக்கூடிய அறக்கட்டளை. அதில் ஒரு கேள்வி: பாதிக்கப்பட்ட ஒருவரின் கதையை இருநூறு சொற்களில் சொல்லுங்கள்.

எனக்கு உடனே மாமி நினைவுக்கு வந்தார். அவர் என் சொந்தமில்லை. ஒழுங்கையில் எல்லோரும் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவோம். கடலுக்கு மிகக் கிட்ட இருந்தது அவருடைய வீடுதான். சவூதியில் வீட்டு வேலை செய்து கட்டிய வீடு. ஒரு மாரிக்காலம் முழுக்க நான் கரைப் பக்கம் போகவில்லை; அது முடிந்து போனபோது அங்கே வீடு இருக்கவில்லை. அலை நனைத்துக்கொண்டிருந்த சீமெந்து நிலம் மட்டும் கிடந்தது. மாமி பிரதான வீதிக்கு மேற்கே தங்கச்சியின் வளவுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மிச்சத்தை நான் எழுதினேன். முப்பது வருட உழைப்பைக் கடல் ஒரே இரவில் விழுங்கியது என்றும், விடியும்போது அந்தப் பெண் கையில் ஒன்றுமில்லாமல் மணலில் நின்றார் என்றும். திரும்ப வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. பொய் எழுதியதாக நான் நினைக்கவில்லை. கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். மாமியிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நாளைக்குக் கேட்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. நாங்கள் இறுதிப் பட்டியலில் இருந்தோம். அவர்களுடைய அலுவலர் ஒருவர் இலங்கைக்கு வருகிறார், கிழக்குக் கரையில் எங்களுக்கு ஒரு பின்னேரம் ஒதுக்கியிருக்கிறார். கடைசி வரியில், உங்கள் கதையில் வரும் பெண்ணைச் சந்திக்க விரும்புகிறார் என்று இருந்தது.

ராத்தாவிடம் போனைக் காட்டினேன். அவர் தையல் மெசினை நிறுத்திவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். கடைசி வரியைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. மாமியைச் சந்திக்க வருகிறார் என்று மட்டும் சொன்னேன்.

அன்றே மாமியைத் தேடிப் போனேன். ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, ஒரு வெள்ளக்கார மேடம் வாறா. கடல் வந்தத்தப் பத்தி உங்களோட கதைக்கணுமாம்."

"என்னோடயா? என்னத்துக்கு?"

"நீங்கதானே கரையோட இருந்த."

"ஓம், வரட்டும்கா. தேத்தண்ணி குடுக்கலாம். சீனி போட்டுக் குடிப்பாவா, போடாமலா?"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை. அதன் பிறகு வந்த நாட்களில் மூன்று முறை மாமியின் வளவு வரைக்கும் நடந்தேன். மூன்று முறையும் வாசல் கடப்படியைத் தாண்டாமல் திரும்பினேன். முன்பள்ளியில் ஒரு பிள்ளை, "டீச்சர், இந்தப் பாட்டு இப்பதான் படிச்ச" என்றது.

அந்த அறக்கட்டளை அம்மா பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு வேனில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ராத்தாவும் நானும் முதலில் கரைக்குக் கூட்டிப்போனோம், பிறகு மாமியின் வீட்டுக்கு. வாசலில் யாரும் சொல்லாமலே அவர் சப்பாத்தைக் கழற்றினார். மாமி கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணீர் வந்தது. அவர் மாமியின் பக்கம் குனிந்து, மிக மெதுவாக, உங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன இரவைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியவள் நான்.

"கடல் வந்தத்தப் பத்திக் கேக்கிறா மாமி."

மாமி ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

"கடல் என்ட வீட்ட எடுக்கல்ல. நான்தான் கழட்டின. ரெண்டு மாரிக்கு முந்தியே எனக்குத் தெரியும் அது வருமெண்டு. வாசல்ல இரிந்து கரை மட்டும் கம்பு நட்டு வெச்ச. மாசத்துக்கு மாசம் எண்ணிப் பாத்த. மூணாவது கம்பும் போன அண்டைக்கு முடிவெடுத்த. ஓடு இறக்க மட்டும்தான் ஆள் பிடிச்ச. கல்லு முழுக்க நானும் தங்கச்சியும் ஒண்டொண்டாக் கழட்டி, சாந்து சுரண்டி, லேண்ட்மாஸ்டர் டிராக்டர் பெட்டில ஏத்தி இஞ்ச கொண்டு வந்து கட்டின. கதவு, சன்னல், கக்கூசுக் கோப்பை, ஒண்டும் விடல்ல. சீமெந்து நிலத்த மட்டும்தான் கடலுக்கு விட்ட."

நான் அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். பூசாத சுவர். கற்களில் பழைய பச்சைப் பெயின்ட் அங்கங்கே ஒட்டியிருந்தது. இரண்டு வருடமாக இந்த வீட்டைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன், ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் ஆங்கிலத்தில், மிகவும் கஷ்டமான காலம் என்கிறார், எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது என்கிறார் என்றேன். பொய்யென்று யாரும் காட்ட முடியாது. வீட்டைக் கழற்றியதை மட்டும் விட்டிருந்தேன்.

மாமி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"மகள், நான் சொன்னத்த நீ சொல்லல்ல."

சவூதியில் அவர் பதினொரு வருடம் வேலை செய்தது, ஆங்கிலம் கதைக்கிற பிள்ளைகள் இருந்த ஒரு வீட்டில். அதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. மாமி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். உள்ளங்கையால் சுவரை இரண்டு தரம் தட்டினார்.

"நோ மேடம். சீ நோ டேக். ஐ டேக். மை ஹவுஸ், ஐ டேக்."

அந்த அம்மா சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்படியென்றால் விண்ணப்பத்தில் இருப்பது என்ன என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான், அதை நான்தான் எழுதினேன், இவருக்குத் தெரியாது, இவரிடம் நான் கேட்கவுமில்லை என்றேன்.

"என்னத்த எழுதியிரிக்காய்?" என்று மாமி கேட்டார். எல்லோருக்கும் முன்னால், தமிழில், அந்த இருநூறு சொற்களையும் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"கையில ஒண்டுமில்லாம நிண்டனா? நானா?" என்றார். குரல் உயரவே இல்லை. "என்ட வாழ்க்கையில நான் சும்மா நிண்ட ஒரு நாளைக் காட்டு பாப்பம்."

அந்த அம்மா தேத்தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். கம்பு நட்ட கணக்கைப் பற்றி நிறையக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். படம் எடுக்கலாமா என்று கேட்டபோது மாமி வேண்டாம் என்றார். அதையும் அப்படியே சொன்னேன். வேன் போய்விட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ராத்தா, "நீ எழுதினத்துக்குக்கூட நான் ஏசல்ல புள்ள. என்னட்டயாவது சொல்லியிரிக்கலாம்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து மறுப்பு வந்தது. உங்கள் பணி எங்கள் மனதைத் தொட்டது, ஆனாலும் இம்முறை எங்கள் முன்னுரிமைகள் வேறு. மாமியின் வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னாலா, வேறு காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூட்டத்தில் நான் செயலாளர் பொறுப்பை விடுகிறேன் என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சி.ஆர். கொப்பியை அலுமாரிக்கு மேல் போட்டேன். மாமியைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போனேன்.

ஒரு காலையில் முன்பள்ளி வாசலில் மாமியே வந்து நின்றார். பிள்ளைகள் போகும் வரை காத்திருந்து, அவர்களுடைய சின்னக் கதிரையில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடுதாசிய வாசி. முழுக்க. தமிழ்ல."

விண்ணப்பத்தின் பிரதி இன்னும் என் பையில் இருந்தது; எடுத்து வாசித்தேன். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினார். "முப்பது வருசமா? பதினொண்டுதானே." அடுத்த பக்கத்தில் ஏழைப் பெண்கள் என்று எழுதியிருந்தேன். "ஆரு ஏழை? உங்கட தலைவிக்கு மூணு மெசின் ஓடுது." எதுவும் அறியாத மக்கள் என்று ஓர் இடத்தில் இருந்தது. மாமி என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்து வெட்டினேன்.

"சரி," என்றார் கடைசியில். "இப்ப நான் சொல்றத்த எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எத்தனை கம்பு, எந்த மாதம் எது போனது, எந்தக் காற்றில் கடல் ஏறும், எதில் இறங்கும். இராவணன் மீசைப் புல் நின்ற இடத்தில் மணல் ஏன் தாமதமாக அறுந்தது. நான் இணையத்தில் மாதக்கணக்காகத் தேடி ஆங்கிலத்தில் அடுக்கியவற்றில் பாதிகூட இதற்குப் பக்கத்தில் நிற்காது. அதை வைத்து ஒரு சின்ன அறக்கட்டளைக்கு எழுதினோம். எழுதியதை அனுப்பும் முன் சங்கத்தில் எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். மாமியின் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டேன். போடு என்றார்.

அந்த உதவி கிடைத்தது. ஆனால் நாற்று மேடைக்கும் கன்றுகளுக்கும் மட்டும். தாங்கிகள் அவர்களுடைய திட்டத்தில் இல்லை. தாழையும் புன்னையும் பூவரசும் நட்டோம். முதல் வரிசையை அந்த மாரியே கொண்டுபோனது. மாமி சொன்னபடி பின்னுக்குத் தள்ளி நட்ட வரிசையில் தாழை பிடித்துவிட்டது. புன்னையை ஆடுகள் தின்றன. அதில் மாமியின் ஆடுகளும் இருந்தன. அது பற்றிக் கூட்டத்தில் பெரிய சண்டை.

தாங்கிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொப்பி இரண்டாவது ஆகிவிட்டது. இப்போது பிரதான வீதிக்கு மேற்கேயும் உவர்ப்பு வந்துவிட்டது. கோடையில் பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் வரும்போது ஒழுங்கை முழுக்கக் கேன்களோடு நிற்கும். ஒரு நாள் வரிசையில் மாமிக்குப் பின்னால் நின்றேன். அன்று பவுசர் பிந்திவிட்டது, வெயில் தலையைப் பிளந்தது. பிள்ளை வயிற்றிலிருந்த ஒரு பெண் இரண்டு கேன்களையும் காலால் தள்ளித் தள்ளி நகர்த்திக்கொண்டிருந்தாள். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"மாமி, அண்டைக்கு நாம ஒண்டும் சொல்லாம இரிந்திருந்தா, இப்ப எல்லா வீட்டிலயும் தாங்கி இரிந்திரிக்கும்."

"இரிந்திரிக்கும்," என்றார் மாமி, திரும்பிப் பார்க்காமல். "மறுகா அந்தத் தண்ணியக் குடிக்கக்குள்ள எல்லாம், கையில ஒண்டுமில்லாம நிண்ட பொம்புள எண்டுதான் என்னப் பாத்திருப்பீங்க."

அந்தப் பெண்ணின் கேன் ஒன்று கவிழ்ந்தது. மாமி போய் நிமிர்த்தி வைத்தார். எனக்கு அவர் சொன்னது சரி என்றும் பட்டது, அந்தப் பெண்ணைப் பார்க்கச் சரியில்லை என்றும் பட்டது. வரிசை நகரத் தொடங்கியபோது என் கேன்களைப் பின்னால் நின்ற ராத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அந்தக் கிழமை கடைசித் திகதி முடிகிற ஒரு தாங்கி விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகளுக்கு நான் இன்னும் பதில் எழுதியிருக்கவில்லை.