செம்பருத்திக்கு வந்த நிபுணர்

முடிச்சூரில் கேசவனைத் தெரியாதவர்கள் குறைவு. அப்பா விட்டுப்போன நிலத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். போர் தண்ணீர் ஏன் மஞ்சளாக வருகிறது என்பதிலிருந்து வாழைக்கு எப்போது மண் அணைப்பது என்பது வரை, எதைக் கேட்டாலும் சொல்வார். சொல்வதற்கு முன், "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு போடு போடுவார், அவ்வளவுதான். விஷயம் தெரிந்த மனிதருக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

அவரிடம் அதிகம் கேட்டது மனைவி கோகிலவாணிதான். மாடியில் தோட்டம் போட்ட நாளிலிருந்து, "இன்னாங்க, இத கொஞ்சம் பாருங்க" என்று வந்து நிற்பாள். சில மாதங்களாக அது நின்றுபோயிருந்தது. மகள் ஹேமாவதி அம்மாவின் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். செடியைப் படம் பிடித்து அனுப்பினால் வேளாண் நிபுணரே நேரடியாகப் பதில் எழுதுவாராம். பெயர் ஸ்ரீவத்சன்.

"செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு, சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெய் கலந்து அடிக்கச் சொன்னாருங்க ஸ்ரீவத்சன் சார்."

போன வருஷம் கேசவன் சொன்னதும் அதேதான்! அப்போது உம்மென்று கேட்டுக்கொண்டவள், இப்போது பூரித்துப்போய்ச் சொல்கிறாள். கேசவனுக்கு வயிறு எரிந்தது. முகம் தெரியாத எவனோ ஒருவன் தன் வீட்டு மாடிவரை வந்துவிட்டானே!

அவனை மட்டம் தட்டியே ஆகவேண்டும். அதே ஆப்பைத் தன் போனில் இறக்கினார். அது எண் கேட்டது. கேஸ், கரண்ட், பேங்க் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் கோகிலவாணியின் எண்தான். பழக்கதோஷத்தில் அதையே தட்டினார். சார்ஜில் கிடந்த அவள் போனுக்கு வந்த ஓடிபியையும் பார்த்துப் போட்டார். பிறகு எழுதினார்: 'முடிச்சூர் வெள்ளத்தில் முதலில் தண்ணீர் ஏறிய தெரு எது? இதுகூடத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு நிபுணரா?'

சாயங்காலம் கோகிலவாணி போனும் கையுமாக எதிரே வந்து நின்றாள்.

"என் பேர்ல இப்டி கேட்டது யாருங்க?"

கேசவன் விட்டத்தைப் பார்த்தார். அவள் பதிலைப் படித்துக் காட்டினாள்: 'மன்னிக்கவும் அம்மா, எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.'

"பாத்தியா! தெரியலன்னு அவனே ஒத்துக்கினான்!" கேசவன் துள்ளினார்.

"இத்தினி வருசத்துல நீங்க ஒருதபா அப்டி சொல்லிக்கீறீங்களா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "எவ்ளோ கேட்டாலும், 'இதுகூடத் தெரியாதா'ன்னு அவர் ஒருநாளும் கேட்டதில்லீங்க."

மறுநாள் காலையில் கேசவன் மாடியேறினார். அவள் செம்பருத்திக்கு மருந்து கலந்துகொண்டிருந்தாள்.

"வாணி, ஒரு பக்கெட்டுக்கு எண்ணெய் எவ்ளோ ஊத்தணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"ரெண்டு மூடி போதுங்க" என்றாள் அவள்.