எஸ் அக்காவின் இடது கால் கட்டைவிரல்

தையல்கடைக்காரிக்கு மருத்துவக் கல்லூரியில் எஸ் அக்கா என்று பெயர். முதுகெலும்பு அந்த எழுத்தைப் போலவே வளைந்திருந்ததால் யாரோ ஒரு மாணவன் வைத்தது. எலும்புப் பிரிவில் மாணவர்கள் நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் தேர்வுக்குப் பதினோரு வருடங்களாக அவள்தான் நிரந்தர நோயாளி. தேர்வு நாளில் கடையைப் பூட்டிவிட்டு, பின்னால் முடிச்சுப் போடும் அங்கியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்காருவாள்.

"முதுகக் காட்டிப் பேர் வாங்கின ஒரே ஆள் நீதான்" என்பார் அவள் கணவர். லிஃப்ட் இயக்குபவர்; நாள் முழுக்க ஏறி இறங்கியும் எங்கேயும் போய்ச் சேராதவர்.

பரிசோதனையின் வரிசை அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. முதலில் நடக்கச் சொல்ல வேண்டும். பின்னால் நின்று தோள்கள் சமமா என்று பார்க்க வேண்டும். அவளுக்கு வலது தோள் ஏறியிருக்கும். தன் சட்டைகளுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில்தான் துணி வெட்டுவாள். பிறகு முதுகெலும்பை மேலிருந்து கீழாக ஒவ்வொரு கணுவாய்த் தொட்டு வர வேண்டும். முன்னால் குனியச் சொன்னால் வலப்பக்க விலா மேடாக எழும்பும். கடைசியில் கால்களின் பலம், உணர்ச்சி, முழங்காலில் சுத்தியல் தட்டு.

அந்தக் கடைசிவரை யாரும் வந்ததே இல்லை. மேடு தெரிந்தால் விடை தெரிந்துவிடும். விடை தெரிந்தபிறகு நோயாளி எதற்கு? குனியச் சொல்லக்கூடத் தோன்றாமல் திருதிருவென விழிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவள் மனசு கேட்காமல், கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்து காட்டிக் கரையேற்றுவாள்.

அந்த வருடம் முதலில் வந்தவன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அதனிடமே எல்லாவற்றையும் விசாரித்தான். அடுத்தவன் அங்கியை அவிழ்க்கச் சொல்லக் கூச்சப்பட்டுத் துணிமேலேயே தடவினான். அவன் பரிசோதித்தது முதுகை அல்ல, தையலை என்று அவளால் அடித்துச் சொல்ல முடியும்.

மூன்றாவதாக வந்தவள் குரலே வெளியில் வராத ஒரு பெண். "அக்கா, என் கை ஜில்லுனு இருக்கும்" என்று உள்ளங்கைகளைத் தேய்த்துவிட்டுத்தான் தொட்டாள். ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே கால்வரை வந்தாள்.

"கட்டைவிரல மேல தூக்குங்கக்கா. நான் அழுத்துவேன், விட்டுக்கொடுக்காதீங்க."

வலது விரல் அழுத்தத்துக்கு அசைந்து கொடுக்கவில்லை. இடது விரல் ஈரக் காகிதம் போல மடங்கியது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"எப்படி?"

குதிகாலால் நடக்கச் சொன்னாள். இடது பாதம் தொப்பென்று விழுந்தது. அப்போதுதான் எஸ் அக்காவுக்கு உறைத்தது. இடது செருப்பு கழன்று விழுகிறதென்று கடைக்காரரிடம் சண்டை போட்டு மூன்று ஜோடி மாற்றியிருந்தாள். தையல் மெஷினையும் எப்போதிருந்தோ வலது காலால் மட்டுமே மிதித்துவந்தாள். கால் மரத்துப்போகிறது என்று இங்கேயே இரண்டு முறை சொல்லியும், "அது வளைவாலதாம்மா" என்று முதுகைத் தட்டி அனுப்பியிருந்தார்கள்.

வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த பெரிய டாக்டர், டீக்கோப்பையும் கையுமாகக் கட்டிலருகே வந்து நின்றார். அந்தப் பெண் கண்டதைச் சொன்னாள்.

"பதினோரு வருஷமா கால் நார்மல்னு ஃபைல்ல இருக்கு. உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது? கனவு கண்டியா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டால் ஒழிய நோயாளி பேசக்கூடாது என்பது விதி. எஸ் அக்கா பதினோரு வருடம் காத்த விதி.

"சார், அந்த டீய வெச்சுட்டு நீங்களே புடிச்சுப் பாருங்க. என் கால் ஃபைல்ல இல்ல, இங்கதான் இருக்கு."

பெரிய டாக்டர் கோப்பையைப் பக்கத்தில் நின்ற எலும்புப் பிரிவுத் தலைவரிடம் நீட்டிவிட்டு விரலை அழுத்தினார். மடங்கியது. வலதை அழுத்திப் பார்த்து, மறுபடி இடதுக்கு வந்தார். அப்போதும் மடங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ சொன்னதுல உறுதியா நிக்கிறியான்னுதான் சோதிச்சேன்."

கோப்பையும் கையுமாக நின்ற பிரிவுத் தலைவர் பலமாகத் தலையாட்டினார். பதினோரு 'நார்மல்'களுக்கும் கையெழுத்துப் போட்டவர் அவரேதான்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புப் பக்கம் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பாதம் படுத்தேவிட்டிருக்கும் என்றார்கள், ஏதோ அவள்தான் தள்ளிப்போட்டவள் போல. அந்த வாரமே அறுவைசிகிச்சை நடந்தது. வார்டில் தினமும் பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, "நம்ம பிரிவு கண்டுபிடிச்சது" என்று தலைவர் பிரசங்கம் செய்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் இல்லை.

தேர்வில் தேறிய அந்தப் பெண் விடைபெற வந்தவள், நலம் விசாரிப்பதற்கு முன்பே போர்வையை விலக்கி விரலை அழுத்தினாள்.

"கொஞ்சம் எதிர்க்குதுக்கா!" என்று சிரித்தாள். எஸ் அக்காவுக்குத்தான் அழுகை வந்தது.

நான்கு மாதத்தில் இரண்டு காலாலும் மெஷினை மிதித்தாள். அடுத்த தேர்வுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

"தாராளமா வரேன். மொதல்ல உங்க பெரிய டாக்டருங்க எல்லாரும் என்னத் தலையிலேருந்து கால்வரைக்கும் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் பிள்ளைங்கள விடுங்க."

கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். சொல்லவில்லை. அந்த வருடம் கூன் விழுந்த கடிகாரக்கடைக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவருக்குக் காது சரியாகக் கேட்காதாம், பேச்சும் குறைவாம்.