மிஷினுக்கு வந்த காய்ச்சல்

“இந்தப் பெரியவர் எப்போது காலமானார்? எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.”

சீனாவிலிருந்து என் போனுக்கு இந்தச் செய்தி வந்தபோது, அந்தப் பெரியவர் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் சபாபதி சார். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். சொந்த ஊர் மதுரை, இப்போது வீடு அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பிளசன்டனில், கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் பெரிய பதவி. இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. கடைக்கதவைத் திறந்தால் முதலில் அதுதான் உள்ளே வரும்.

நான் அதே பக்கம் மில்பிடாஸ் என்ற ஊரில் ஷீல்டு, கோப்பை, டி-ஷர்ட் செய்து கொடுக்கும் கடையில் பின்பக்கம் வேலை செய்கிறேன். பெட்டி பிரிப்பது, சரிபார்ப்பது, கட்டி அனுப்புவது. ஐந்தாவது வரைதான் படித்தேன். ஈரோட்டுப் பக்கம் ஊர். மனைவி நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தாள், கூடவே நானும் வந்தேன். ஆட்களிடம் பேசுவதென்றால் எனக்குக் கூச்சம். வாசல் மணி அடித்தால் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விடுவேன். இதுபோன்ற கடைகளுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, உங்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முகம் காட்டாத கம்பெனி

சங்கத்தின் சித்திரை பிக்னிக் நடக்கும் பார்க்கில் டிஸ்க் கால்ஃப் விளையாட இடம் உண்டு. சின்னத் தட்டு அளவிலான பிளாஸ்டிக் வட்டைத் தூரத்திலிருந்து எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. குடும்பத்துக்கு ஒரு டிஸ்க், மேலே சங்கத்தின் முத்திரை என்று சபாபதி சார் முடிவு செய்தார். பெயர் பெற்ற அமெரிக்கக் கம்பெனிகள் இவ்வளவு சின்ன ஆர்டரை இவ்வளவு அவசரமாகச் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டன. எங்கள் முதலாளி கீதா மேடம் தேடிப்பிடித்தது ஒரு சீனக் கம்பெனியை. பெயரைச் சொன்னால் வாரம் தவறாமல் விளையாடுகிறவர்களுக்கே தெரியாது.

இங்கே மாலை ஐந்து மணி ஆகும்போதுதான் அவர்களுக்குக் காலை. அந்த நேரத்தில் கீதா மேடம் மகளை டான்ஸ் கிளாஸுக்குக் கூட்டிப் போய்விடுவார். அதனால் சீனாவோடு பேசும் வேலை, பேசவே பிடிக்காத என் தலையில் விழுந்தது.

எதிர்ப்பக்கம் பேசியவர் பெயர் லின். நான் லின்னம்மா என்று கூப்பிட்டேன். நான் தமிழில் சொல்வதை போன் சீனத்தில் எழுதும். அவர் எழுதுவது எனக்குத் தமிழில் வரும். பாடப்புத்தகத் தமிழ், மரியாதை தாராளமாக இருக்கும். முதல் நாள் வீடியோவில் கூப்பிட்டார். நான் கேமராவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். அவரும் டிஸ்க்கை மட்டும் காட்டினார், முகத்தைக் காட்டவில்லை. சரி, நம்ம ஆள்தான் என்று எனக்குத் தைரியம் வந்தது.

அப்படியே நாலைந்து மாலைகள் போயின. அவர் டிஸ்க்கை வளைத்துக் காட்டுவார். நான் “நல்லா வளையுதுங்க” என்பேன். அந்தக் கம்பெனி என்பது அவர், அவர் கணவர், கொழுந்தனார், இரண்டு மிஷின், ஒரு நாய். முன்பு டப்பா மூடி செய்துகொண்டிருந்தார்களாம். கணவருக்கு இந்த விளையாட்டில் பைத்தியம் பிடித்ததால் மூடி டிஸ்க் ஆயிற்று. அச்சு போட்டதும் ஒரு டிஸ்க்கை எடுத்துக் கொழுந்தனார் முற்றத்துக் கூடையில் எறிந்து பார்ப்பார். நாய் போய் எடுத்து வரும். அதுதான் அவர்கள் குவாலிட்டி செக்கிங்.

டிசைன்

டிஸ்க்கில் முத்திரை போடுவதற்கு ஹாட் ஸ்டாம்ப் என்று பெயர். படத்தை உலோகப் பிளேட்டில் செதுக்கி, சூடாக்கி, நடுவில் வண்ணத்தாள் வைத்து அழுத்துவார்கள். ஒரு பிளேட், ஒரு நிறம்.

டிசைன் செய்தவர் சபாபதி சாரின் மச்சான். சங்கத்தின் முத்திரை என்று ஆரம்பித்த பேச்சு, தலைவரின் முகம் என்று முடிந்திருந்தது. வெள்ளை டிஸ்க்கில் கறுப்பு முகம், பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பது போலச் சிரிக்காத முகம். சுற்றிலும் ஷீல்டுகளில் போடும் இலை மாலை. கீழே பெயர். அதற்கும் கீழே அவர் பதவிக்காலம்: போன வருடம், நடுவில் ஒரு கோடு, இந்த வருடம்.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் இதைப் பார்த்தால், ஒரு நிமிடம் நின்று “அடப் பாவமே” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.

சபாபதி சார் டீ குடிக்கும்போதே அந்தப் படத்தை லின்னம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். காலமானது எப்போது என்று கேட்டவரிடமிருந்து இரண்டாவது செய்தி வந்தது. “ஒரு வருடம் மட்டுமே வாழ்ந்தார் என்று போட்டிருக்கிறது. முகம் வயதானவர் போல் உள்ளதே?”

“என்னய்யா சொல்றாங்க சீனாவுல? டிசைன் பிடிச்சிருக்காமா?” என்றார் சபாபதி சார்.

“உங்களப் பத்தித்தானுங்க விசாரிக்கறாங்க சார்.”

“விசாரிக்கட்டும், விசாரிக்கட்டும்.” டீயை முடித்து, டிசைனுக்கு அப்ரூவல் கையெழுத்துப் போட்டுவிட்டு, 680 ஃப்ரீவேயில் டிராஃபிக் இன்னும் ஏறுவதற்கு முன் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை கீதா மேடத்திடம் சொன்னேன்.

“நானும் பாத்தேன்ணா, தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ஆனா நான் சொல்ல மாட்டேன்பா. அவரு அப்ரூவ் பண்ணிட்டாரு. இப்ப போய் ‘சார், செத்துப்போன மாதிரி இருக்கீங்க’ன்னா, சங்கத்து ஷீல்டு, டி-ஷர்ட்டு எல்லாம் ஃப்ரீமான்ட்ல இருக்கற இன்னொரு கடைக்குப் போயிடும்.”

“பிக்னிக்ல யாரும் எடுத்து எறியலைன்னா மேடம்?”

“அப்பவும் போயிடும். சொன்னா இன்னிக்குப் போகும், சொல்லலைன்னா பிக்னிக்குக்கு அப்புறம் போகும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “சங்கத்து வேலை போச்சுன்னா சாயங்காலம் கடை தொறந்து வைக்கறதுல அர்த்தமே இல்லண்ணா.”

சாயங்காலம் என்பது நான். எனக்குப் புரிந்தது.

நலம் விசாரித்தது

நான்கு நாளில் பிளேட் தயாராகி, லின்னம்மா ஒரு மாதிரி டிஸ்க்கில் முத்திரை போட்டுக் காட்டினார். ஆனால் எறிந்து பார்க்க ஆள் இல்லை. “இறந்தவரின் முகத்தை எறிய மாட்டேன் என்று கொழுந்தனார் மறுக்கிறார். நாய் மட்டும் தயாராக உள்ளது.”

இவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன். கொழுந்தனார் நம்பவில்லை என்று பதில் வந்தது.

சரி, நேராகச் சொல்லிவிடுவோம் என்று துணிந்து சபாபதி சாருக்குப் போன் செய்தேன்.

“சார், கடைலிருந்து பழனிங்க.”

“சொல்லுய்யா.”

“நல்லா இருக்கீங்ளா சார்?”

“நல்லா இருக்கேன். என்ன விஷயம்?”

“உடம்பெல்லாம் பரவால்லீங்ளா?”

“உடம்புக்கு என்னய்யா? காலைல ட்ரெட்மில்ல ஓடுனேனே.”

“அது போதுங்க சார். வெச்சர்றனுங்க.”

என் துணிச்சல் அவ்வளவுதான் நீண்டது. லின்னம்மாவிடம், “நலமாக இருக்கிறார். காலையில் ஓடினார்” என்று சொன்னேன். வீடியோவில் டிஸ்க் குலுங்கியது. அந்தப் பக்கம் முகம் தெரியாமல் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு எழுதினார்: “அப்படியானால் எங்கள் மிஷினுக்குக் காய்ச்சல். முகம் குணமாகும் வரை காய்ச்சல் இறங்காது. ஒரு வாரம் வரை தாங்கும். அதற்குமேல் போனால் டிஸ்க்குகள் பிக்னிக்குக்கு வந்து சேராது.”

மிச்சத்தை அச்சடிக்காமல் நிறுத்திவைத்து, சார் கண்ணால் பார்ப்பதற்காக மூன்று மாதிரிகளை மட்டும் விமானத்தில் அனுப்பிவைத்தார். அவருக்கு அது அமெரிக்காவிலிருந்து வந்த முதல் ஆர்டர். அச்சடித்து அனுப்பிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

சபாபதி சார் தினமும் ஃப்ரீவேயிலிருந்து கூப்பிட்டார். “ஸ்டாம்ப் போட்டாச்சாய்யா?”

“மிஷினுக்குக் காய்ச்சலுங்க சார்.”

“மிஷினுக்கா?”

“சூடு ஏறிப்போச்சுங்களாமா.”

ஸ்டாம்ப் மிஷினே சூட்டில் ஓடுவதுதானே. அவர் நம்பிவிட்டார்.

அலமாரி

மாதிரிகள் வந்தன. பிரித்து எடுத்து, எங்கே வைப்பது என்று பார்த்தேன். கடை வாசலுக்கு நேர் எதிரே ஒரு அலமாரி உண்டு. மேல்தட்டில் பிள்ளையார் படம், பக்கத்தில் எந்நேரமும் மினுக்கும் பேட்டரி விளக்கு. கீழ்த்தட்டில் ஷீல்டு நிற்கவைக்கும் ஸ்டாண்டு ஒன்று காலியாக இருந்தது. டிஸ்க்கை அதில் நிறுத்தினேன். விளக்கின் வெளிச்சம் சரியாக முகத்தில் விழுந்தது. நான் பூ வைக்கவில்லை. அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

பிறகு சபாபதி சாருக்குச் செய்தி அனுப்பினேன்: சாம்பிள் வந்திருக்கிறது.

சார் தன் மனைவி வசந்தா ஆன்ட்டியோடு வந்தார். அவர் காரை நிறுத்திக்கொண்டிருக்க, ஆன்ட்டி முதலில் உள்ளே வந்தார். அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அலமாரியைப் பார்த்தார்.

“ஏப்பா, எனக்கே சொல்லாம போயிட்டாரா?”

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. டி-ஷர்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்த நேரத்தில்தான் மீசை உள்ளே வந்தது.

“என்ன சிரிப்பு?” என்று கேட்டவர், மனைவியின் விரல் காட்டிய பக்கம் பார்த்தார். “யாருய்யா அத அங்க வச்சது?”

“நானுங்க சார்.”

“வேற இடமே கிடைக்கலையா உனக்கு?”

“நீங்களே நல்ல எடமாப் பாத்து வைங்க சார்.”

எடுத்துக் கவுன்டர் மேல் படுக்கவைத்தார். “நடுக்கூடத்துல கெடத்தியாச்சு” என்றார் ஆன்ட்டி. கோப்பைகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார். “இது ஆபீஸ்ல இரங்கல் கூட்டம்.” தண்ணீர் கேனின் மேல் நிறுத்தினார். “இது மூணாம் நாள் காரியம், பந்தலுக்கு வெளிய.”

சபாபதி சார் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கீழே இருந்த இரண்டு வருடங்களையும் கோட்டையும் விரலால் தடவினார். அவர் முகம் இறங்கியதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

“எல்லாத்துக்கும் ஸ்டாம்ப் போட்டுட்டாங்களாய்யா?” என்றார் மெதுவாக.

“மிஷினுக்குக் காய்ச்சலுங்களே சார்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மிஷினுக்கு எப்பய்யா காய்ச்சல் வந்துச்சு?”

பெட்டிகளுக்குப் பின்னால் போய்விடலாம் போலிருந்தது. இந்த முறை போகவில்லை. “உங்க போட்டோவப் பாத்த அன்னிக்கிலிருந்துங்க சார்.”

மீசையின் நுனிகள் ஆடின. கோபம் என்று நினைத்தேன். ஷீல்டு வேலை, டி-ஷர்ட் வேலை, என் சாயங்காலம் எல்லாம் ஃப்ரீமான்ட்டுக்குக் கிளம்புவதாகவே தெரிந்தது. அப்புறம்தான் அது சிரிப்பு என்று புரிந்தது. சத்தம் வர நேரமாயிற்று, வந்ததும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

மீதி இருந்தது

சிரித்து முடித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. காய்ச்சல் தாங்கும் நாள் முடியப் போகிறது. புதுப் பிளேட் செதுக்க நேரமில்லை. அப்போது மணி ஐந்தரை. மூன்று பேருமாக லின்னம்மாவைக் கூப்பிட்டோம். விஷயத்தைச் சொன்னேன். முகம் வேண்டாம், ஆனால் பிளேட் இதுதான்.

அவர் கணவரிடம் ஏதோ பேசினார். ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் எழுதினார்: “புதிதாகச் செய்ய நேரமில்லை. இருப்பதில் வேண்டாததை வெட்டிவிட்டோம்.”

அதை அச்சடித்துக் காட்டிய டிஸ்க்கில் இலை மாலை போயிருந்தது. வருடங்கள் போயிருந்தன. பெயர், கண், நெற்றி எல்லாம் போயிருந்தன. வெள்ளை டிஸ்க்கின் நடுவே, இரண்டு பக்கமும் முறுக்கிய ஒரு மீசை மட்டும் இருந்தது.

சபாபதி சார், “என்னய்யா, ஆளையே காணோம்?” என்றார்.

“உங்ககிட்ட உருப்படியா இருக்கறது அது ஒண்ணுதான். அதையே போடச் சொல்லுங்க” என்றார் ஆன்ட்டி.

கொழுந்தனார் அதை வாங்கினார். மறுபேச்சில்லாமல் எறிந்தார். சங்கிலி கலகலத்தது, நாய் ஓடியது. திரும்பி வந்த டிஸ்க்கை யாரோ துடைத்து மூக்குக்குக் கீழே பிடித்தார்கள். மேலே இரண்டு கண்கள், கண்ணாடி, நரை ஓடிய முடி. லின்னம்மாவின் முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன், சபாபதி சாரின் மீசையோடு. நானும் கேமராவிலிருந்து கட்டைவிரலை எடுத்தேன்.

பிக்னிக்கில் டிஸ்க் கொடுத்த கையோடு எல்லோரும் அதை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள், மாமியார்கள், பொரியல் பரிமாறிக்கொண்டிருந்தவர் எல்லோருக்கும் மீசை. திரும்பிய பக்கமெல்லாம் தலைவர். முதல் எறி எறியச் சொன்னதும் சபாபதி சார் ஓங்கி எறிந்தார். அது இடதுபக்கம் வளைந்து போய் வாத்துக் கூட்டத்தில் விழுந்தது. “அங்கிள், யுவர் மஸ்டாஷ்!” என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. சங்கத்து வேலை ஃப்ரீமான்ட்டுக்குப் போகவில்லை. என் சாயங்காலமும் என்னிடமே இருக்கிறது.

பழைய மாதிரிகளில் ஒன்றை வசந்தா ஆன்ட்டி கேட்டு வாங்கிப் போனார். சமையலறையில் வைத்திருக்கிறாராம். சார் வீட்டுக்கு லேட்டாக வந்தால் அதற்கு ஒரு பூ.

நான் கற்றுக்கொண்டது இதுதான். வாடிக்கையாளரிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால், அவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், வெளிச்சம் நன்றாக விழட்டும். அவர் பார்த்து முடிக்கும் வரை காத்திருக்கத் தெரிந்த ஒருவர் மறுமுனையில் வேண்டும். அந்த மாதிரி ஆள் கிடைத்தால் விடாதீர்கள். பெயர் யாருக்கும் தெரியாத கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் ஒரு டாக்டர் வந்தார். கிளினிக் திறப்பு விழாவுக்கு டிஸ்க் வேண்டுமாம். டிசைனைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நடுவில் அவர் முகம், சுற்றிலும் வெள்ளை லில்லிப் பூக்கள், மேலே இரண்டு கைகள் கூப்பியபடி.

ஐந்து மணி வரை பொறுத்திருந்து லின்னம்மாவுக்கு எழுதினேன்: “மிஷினுக்கு லேசாகச் சூடு தெரிகிறதா, பாருங்கள்.”

உடனே பதில் வந்தது. “தொட்டுப் பார்த்தேன். கொதிக்கிறது.”