பந்தல்குடி போனது வரவில்லை

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் விசைத்தறிகள் ஓடாது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவே அன்றைக்கு வாயடைத்துக் கிடக்கும். மற்ற நாளில் அந்தச் சத்தத்துக்குள் நம் மனசு புலம்புவது நமக்கே கேட்காது. அந்த வருஷம் பூஜையன்று எனக்கு எல்லாம் கேட்டது. பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். கெடுவை ஏற்கெனவே நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். விஜயதசமிக்கு மறுநாள் மதுரையில் ஆய்வுக் குழுவின் முன்னால் முடிவுகளை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பதிவு ரத்து. "இனிமே என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். ஒரு பெரிய கணக்கைத் துண்டுகளாக்கி, பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் செய்து முடிக்க வேண்டும். அதற்காக நான் எழுதிய புரோகிராம் தன்னைப் போலவே பிரதிகள் எடுக்கும். ஒவ்வொரு பிரதியும் தன் பங்கைச் சுமந்துகொண்டு நெட் வழியே வேறொரு மிஷினுக்குப் போய், அங்கேயே தங்கி வேலையை முடித்து, விடையோடு வீடு திரும்பும். நடுவில் லைன் போனாலும் கவலையில்லை, வந்த பிறகு கிளம்பும். இதற்கு ஏஜென்ட் என்று பெயர். ஒவ்வொன்றும் வந்து சேர்ந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, அவை எல்லாம் "அவுக". "போனவுக வந்துட்டாகளாத்தா?" என்று கேட்பார்.

கணக்கு, இந்தப் பக்கத்துக் கண்மாய்களின் செயற்கைக்கோள் படங்கள். எதில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று படம் படமாகப் பார்க்க வேண்டும். மல்லாங்கிணறு பிரவுசிங் சென்டர், திருச்சுழியில் ஒரு டுட்டோரியல், பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் இருக்கும் லாரி எடைமேடை, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தோழிகள் என்று எல்லாரிடமும் மிஷின் கேட்டு வைத்திருந்தேன். லீவு நாளில் மிஷின் சும்மாதானே கிடக்கும் என்று நினைத்து, பூஜைக்கு முந்தின சாயங்காலம் அனுப்பினேன். தறி வீட்டு மருமகள் நினைக்கிற நினைப்பா இது!

சிங்கப்பூர் போனது திரும்பிவிட்டது. சென்னை, திருச்சுழி, மல்லாங்கிணறு எல்லாம் வந்துவிட்டன. பந்தல்குடி போனது வரவில்லை. தறிக்குச் சந்தனம் வைத்த கையோடு எடைமேடைக்காரருக்கு போன் போட்டேன். அவர் என் கணவரின் கூட்டாளி.

"மெயினையே ஆப் பண்ணியாச்சு தங்கச்சி. கம்ப்யூட்டருக்கும் பொட்டு வச்சாச்சு."

"அண்ணே, அதுக்குள்ள என் வேலை ஓடிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்சம் போட்டு விடுங்கண்ணே."

"பூஜையில வச்ச ஆயுதத்தை எப்படித் தொடுறது? காலையில மறுபூஜை முடிஞ்சதும் போடுவோம். வாங்க."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. அந்த நேரத்தில் நான் ஒரு தறியைத் தொட்டிருந்தால் அத்தை என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

மிஷினை முறையாக நிறுத்தினால் ஏஜென்ட்டுக்குத் தெரிந்துவிடும், வேறு மிஷினுக்குத் தாவிவிடும். மெயினை இழுத்தால் தெரியாது. ஒவ்வொரு படம் முடிந்ததும் அதுவரை செய்ததைச் சேமித்து வைக்கும்படிதான் எழுதியிருந்தேன். சேமிக்கிற நேரத்திலேயே கரண்ட் போயிருந்தால்? மறுபடி முதலிலிருந்து ஓட்ட நேரமில்லை. பொரிகடலைத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் அணைக்க விடவில்லை. ஓடுகிற மிஷினுக்கே பொட்டு வைத்த அத்தைக்கு மனசு ஆறவில்லை.

காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பந்தல்குடிக்குப் போனேன். எடைமேடைக்காரர் நிதானமாகச் சூடம் காட்டினார். எனக்கு அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்கலாம் போல இருந்தது. ஒரு வழியாக மெயினைப் போட்டார். கம்ப்யூட்டர் முனகி முனகி எழுந்தது. என் ஏஜென்ட்டும் விழித்தது! விட்ட இடத்திலிருந்து மிச்சப் படங்களை முடித்தது. 'வீட்டுக்குக் கிளம்புகிறேன்' என்று திரையில் எழுதியது. அடுத்த வரி, 'வீடு பதில் சொல்லவில்லை.' மறுபடி அதே வரி. மறுபடியும்.

வீட்டுக்கு போன் போட்டேன்.

"அத்தை, கம்ப்யூட்டர் ஓடுதுல்ல?"

"நிப்பாட்டிட்டேன்த்தா. நேத்துப் பூராம் அதுக்கு ஓய்வே இல்லையே. ஓயாத ஆயுதத்துக்கு மறுபூஜை எப்படிப் போடுறது?"

"ஐயோ அத்தை! பந்தல்குடி போனது கிளம்பிருச்சு. வீட்டுல ஆளில்லைன்னு நிக்குது."

"வாசல்லயா நிக்கிறாக?" அத்தையின் குரலே மாறிவிட்டது. "முன்னாலயே சொல்ல வேண்டாமா! இரு, சூடத்தைக் காட்டிட்டு இந்தா போட்டு விடுறேன்."

அறைக்குள் நிற்க முடியவில்லை. வெளியே வந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உள்ளேயிருந்து எடைமேடைக்காரர் கத்தினார். "தங்கச்சி, ஸ்கிரீன்ல ஒண்ணையும் காணோமே!"

எங்கே போனது? வீட்டுக்கா, அழிந்தே போனதா? அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்தது.

"மணி அடிச்சிருச்சுத்தா" என்றார் அத்தை. "வந்துட்டாக."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதேன். எத்தனை நேரமோ தெரியாது. ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். எடைமேடைக்காரர் மேலே சுட்டிக்காட்டினார். லாரி நிறுத்தும் இரும்புத் தளத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். போர்டில் சிவப்பு எழுத்தில் என் எடை எரிந்துகொண்டிருந்தது.

"பூஜை முடிஞ்சு மொத லோடு நீங்கதான் தங்கச்சி" என்றார். "அழுது முடிச்சிட்டு எந்திரிங்க. பின்னால லாரி நிக்குது."